தள்ளியது யார்? ஒரகடம் சாலைக் குறிப்புகள்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். ஆகவே பாலிடெக்னிக் முதலாண்டில் வந்து உட்காரும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மூன்று விதிகளும் மனப்பாடம். ஒப்பிப்பதில் குறை சொல்ல முடியாது. அடுத்த கேள்வியில்தான் ஆட்டம் காண்கிறது. மேசை மேல் புத்தகம் இருக்கிறது. அதன் எடைக்கு எதிர்விசை எது? "மேசை மேல்பக்கமா தள்ளுதே, அதான் சார்." வகுப்பே ஒரே குரல்.

இல்லை. எடை என்பது பூமி புத்தகத்தைக் கீழே இழுப்பது. அதற்கு ஜோடி, புத்தகம் பூமியை மேலே இழுப்பது. மேசைக்கு இந்த ஜோடியில் இடமே இல்லை. மேசையைச் சட்டென்று உருவிவிட்டால் மேசை தாங்கிய விசை மறைந்துபோகும்; எடை அப்படியே இருக்கும். ஜோடியில் ஒன்று போய் இன்னொன்று தங்குமா? புத்தகம் அசையாமல் கிடப்பது முதல் விதியின் கணக்கு. அங்கே மூன்றாம் விதியை இழுத்துவருவது, பக்கத்து வீட்டு ரேஷன் கார்டில் நம் பெயரைத் தேடுவது மாதிரி.

அதனால் கரும்பலகையில் ஒரு கட்டுப்பாடு. விசை என்று அம்புக்குறி போட்டால் பக்கத்தில் இரண்டு பெயர் எழுத வேண்டும்: கொடுப்பது யார், வாங்குவது யார். 'பூமி, புத்தகத்தின் மேல்.' 'மேசை, புத்தகத்தின் மேல்.' பெயர்களை இடம் மாற்றினால் எதிர்விசை தானாக வந்துவிடும். கொடுப்பவரின் பெயர் எழுத முடியாத அம்பை அழித்துவிட வேண்டும். கீழே இருப்பவை எல்லாம் கையில் டஸ்டரோடு இந்தப் பக்கம் சுற்றியபோது எழுதியவை.

*

சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக. உள்ளே நின்றுகொண்டு வருகிறவர்களைக் கேட்டால் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்வார்: பிரேக் போட்டால் முன்னால் தள்ளுகிறது.

தள்ளியது யார்? பஸ்ஸா? பஸ் வேகம் குறைகிறது, அது எப்படி முன்னால் தள்ளும்? பின்னால் நிற்பவரா? அவரும் உங்களோடுதான் சாய்கிறார். கடைசியில் ஒரு மாணவி: "நிலைமம் தள்ளுது சார்." நிலைமம் என்பது ஆள் இல்லை, பொருளும் இல்லை. அதற்குக் கையில்லை. அழி.

மிஞ்சுவது என்ன? பஸ்ஸின் தரை செருப்பைப் பின்னோக்கிப் பிடிக்கிறது. கம்பி கையைப் பின்னோக்கி இழுக்கிறது. கிடைமட்டத்தில் உங்கள் மேல் இருக்கும் விசைகள் இரண்டும் பின்னோக்கித்தான். முன்னோக்கி ஒன்றுகூட இல்லை. பாதம் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது, தலைக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. அவ்வளவுதான் அந்தச் 'சாய்வு'.

இதை ஒப்புக்கொள்ள எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. உடம்பு சாட்சி சொல்கிறதே! பஸ்ஸை அளவுகோலாக வைத்துப் பார்க்கிற உடம்பு, சாலையோரப் புளியமரத்திலிருந்து பார்த்தால் வேறு சாட்சி சொல்லும். நியூட்டன் புளியமரத்தின் பக்கம்.

*

தண்ணீர் லாரி. இந்தப் பகுதியின் ஹாஸ்டல்களும் கேன்டீன்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நிறைந்த லாரியைவிடப் பாதி நிறைந்த லாரிதான் ஆபத்து என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். எடை பாதி, ஆபத்து அதிகம் என்பதைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

12,000 லிட்டர் டேங்கில் 6,000 லிட்டர் என்றால் ஆறு டன் தண்ணீர், நகர இடமும் இருக்கிறது. லாரி பிரேக் பிடிக்கிறது. தண்ணீருக்கு யாரும் பிரேக் பிடிக்கவில்லை. அது பழைய வேகத்திலேயே போய் முன்தகட்டில் மோதி, அங்கேதான் நிற்கிறது. தகடு தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது, தண்ணீர் தகட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. சிக்னலில் நின்றுவிட்ட லாரி ஒரு கணம் கழித்து முன்னால் உதறுவது இதனால்தான். டேங்குக்குள் குறுக்கே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைப்பது தண்ணீரை நிறுத்த அல்ல. எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒரே தகட்டில் மோதாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தகடுகளில் மோத. விசையைக் குறைக்க நேரத்தை நீட்டும் வித்தை. இது பின்னால் திரும்ப வரும், மோதல் சோதனையில்.

*

தகட்டுச் சுருள் ஏற்றிய டிரெய்லர். பிரஸ் ஷாப்புகளுக்குப் போகும் காயில். பக்கத்தில் போகும்போது பைக்காரர்கள் தானாக ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு போட்டால் இன்னும் ஒதுங்குவார்கள்.

20 டன் காயில். டிரெய்லர் அவசர பிரேக், நொடிக்கு நொடி 5 மீட்டர் வேகம் குறைகிறது. காயிலும் டிரெய்லரோடு சேர்ந்து நிற்க வேண்டுமானால் அதன் மேல் பின்னோக்கி வேண்டிய விசை 20,000 × 5, அதாவது 1,00,000 நியூட்டன். யார் கொடுப்பார்? கீழே இருக்கும் தளத்தின் உராய்வு. எஃகு மேல் எஃகு, அதுவும் எண்ணெய்ப் பசை. உராய்வுக் கெழு 0.2 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 40,000 நியூட்டனுக்கு மேல் வராது. மீதி 60,000 நியூட்டனைச் சங்கிலி கொடுக்க வேண்டும், அல்லது முன்னால் வைத்த கட்டை. இரண்டும் இல்லையென்றால் காயில் முன்னால் போகும். போகிற வழியில் டிரைவர் கேபின்.

செய்தியில் 'காயில் கேபின் மேல் பாய்ந்தது' என்று எழுதுகிறார்கள். அது பாயவில்லை. போய்க்கொண்டிருந்தது, தடுக்க ஆளில்லை. இரண்டாம் விதியில் சங்கிலியின் விலை எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்தான் எத்தனை சங்கிலி என்று தீர்மானிக்க வேண்டும்.

*

வாட்ஸ்அப்பில் மறுபடியும் வந்தது: நியூட்டனுக்கு முன்பே கணாதர் மூன்று விதிகளையும் எழுதிவிட்டார் என்று. சமஸ்கிருத வரிகளோடு.

கணாதரின் வைசேஷிகத்தில் உண்மையில் இருப்பது அதைவிடச் சுவாரசியம். பிரசஸ்தபாதரின் உரையில் 'வேகம்' என்பது பொருளுக்குள் பதிந்துகொள்ளும் ஒரு குணம். எறிந்த கை விலகிய பிறகும் பொருளை ஓட வைப்பது அதுதான். இதே யோசனையை ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஃபிலோபோனஸ் தனியாகச் சொன்னார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசில் பூரிடான் அதை விரித்தார். எறிந்த பந்துக்குள் ஏதோ ஒன்று ஏறிக்கொள்கிறது, அது தீரும்வரை பந்து ஓடும் என்ற எண்ணம். நியூட்டன் சொன்னது இதற்கு நேர் எதிர்: ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணமே வேண்டாம், நிற்பதற்கும் திரும்புவதற்கும்தான் காரணம் வேண்டும். ஆகவே வைசேஷிகத்தை நியூட்டன் என்று பெருமைப்படுத்துவது இருவருக்கும் அநியாயம்.

எனக்கு இதில் ஒரு ஆறுதலும் உண்டு. "பந்து மேல போகும்போது கை குடுத்த விசை அதுல இருக்கும் சார்" என்று சொல்லும் பிள்ளை மக்கு இல்லை. நல்ல பெரியவர்கள் ஆயிரம் வருஷம் உட்கார்ந்திருந்த திண்ணையில் அவனும் உட்கார்ந்திருக்கிறான். எழுப்பிவிட வேண்டும், திட்டக் கூடாது.

1992ல் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் மூவரும் விசை பற்றி ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். கணக்கே கிடையாது, லாரியும் காரும் மோதினால் எது அதிக விசை கொடுக்கும் என்கிற மாதிரி வெறும் பேச்சுக் கேள்விகள். கடினமான கணக்கெல்லாம் போடுகிறவர்கள் இதில் விழுந்தார்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் தன் வகுப்பில் அதைக் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டாளாம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று. இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. சொல்லிக்கொடுத்தபடி எழுதிவிட்டு, நினைக்கிறபடி பைக் ஓட்டுகிறார்கள்.

*

விசையே இல்லாமல் ஓடும் பொருளை எங்கே காட்டுவது? விண்வெளி என்று புத்தகம் சொல்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம்.

அசெம்பிளி லைன். கன்வேயர் மேல் கார் கூடு நிமிடத்துக்குச் சில மீட்டர் என்று ஒரே சீராக நகர்கிறது. அதன் மேல் நிகர விசை எவ்வளவு? "செயின் இழுக்குதே சார்!" இழுக்கிறது. உராய்வும் அதே அளவு பின்னால் இழுக்கிறது. கூட்டினால் பூஜ்யம். வேகம் மாறவில்லை என்றால் நிகர விசை பூஜ்யம்; வேறு வழியே இல்லை. லைன் நின்று மறுபடி கிளம்பும் அந்த ஒரு விநாடியில்தான் செயின் உராய்வை ஜெயிக்கிறது. அப்ரண்டிஸ் முடித்து வந்த ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ எட்டு மணி நேரமும் பூஜ்யமா சார்?" என்றான். பூஜ்யம்தான். வியர்வை வேறு கணக்கு.

இன்னும் அழகான உதாரணம் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை. ஸ்ரீபெரும்புதூரில் 2000ல் தொடங்கியது. ஃப்ளோட் முறை: உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் ஊற்றுகிறார்கள். கண்ணாடியின் அடர்த்தி நீரைப்போல் இரண்டரை மடங்கு, வெள்ளீயம் ஏழு மடங்குக்குப் பக்கம்; ஆகவே மிதக்கிறது. புவியீர்ப்பு அதைப் பரப்பப் பார்க்கிறது, பரப்பு இழுவிசை அதைச் சுருட்டப் பார்க்கிறது. இரண்டும் சமாதானமாகும் இடத்தில் தடிமன் ஆறு, ஏழு மில்லிமீட்டர். மெல்லியதாக வேண்டுமென்றால் ஓரங்களில் பல்சக்கரம் வைத்து இழுக்க வேண்டும். இங்கிலாந்தில் பில்கிங்டன் 1950களில் கண்டுபிடித்த வழி இது. ஒருமுறை உலை மூட்டினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அணைப்பதில்லை. அத்தனை காலமும் ஒரு கண்ணாடி நாடா சீரான வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கிறது, நிகர விசை பூஜ்யத்தில். முதல் விதிக்கு இதைவிட நீளமான சாட்சி தெரியவில்லை.

*

கேஜி. பட்டறையில் எல்லாமே கேஜி.

காற்று லைனில் "ஆறு கேஜி காத்து" என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ எடை. நட்டு முறுக்க "பதினோரு கேஜி டார்க்" என்றால் ஒரு மீட்டர் கைப்பிடியின் நுனியில் பதினோரு கிலோ எடை. பிரஸ்ஸுக்கு 'இருநூறு டன்' என்றால் அது இருநூறு டன் எடையுள்ள மெஷின் அல்ல, அவ்வளவு விசையோடு அழுத்தும் மெஷின். ஒரே சொல், மூன்று வேலை. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நிறைக்கும் எடைக்கும் வித்தியாசம் எழுதும்போது திணறாமல் என்ன செய்யும்? ஆனால் ஆபரேட்டர்கள் குழம்புவதில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். காற்றின் கேஜியையும் டார்க்கின் கேஜியையும் அவர்கள் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. கை அறியும் வித்தியாசம் அது.

வகுப்பில் மாற்றிப் போட்டுக் காட்ட ஒரு கணக்கு: 50 மி.மீ. போர் சிலிண்டர், ஆறு பார் காற்று. பரப்பு 19.6 சதுர செ.மீ.; விசை ஏறக்குறைய 1,180 நியூட்டன். 120 கிலோ ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். விரல் அளவு டியூபில் வந்த காற்று கிளாம்ப்பில் இப்படி அமுக்குகிறது என்று தெரிந்த பிறகு யாரும் கிளாம்ப்புக்கு அடியில் சும்மா கை வைப்பதில்லை.

*

மூன்றாம் விதியை மணிக்கட்டில் கற்றவர்கள் நட்ரன்னர் பிடிப்பவர்கள். காரின் சக்கர நட்டுக்கு ஏறக்குறைய 110 நியூட்டன்-மீட்டர். டூல் நட்டை வலப்பக்கம் முறுக்கினால் நட்டு டூலை இடப்பக்கம் முறுக்கும். நட்டு ஓடும்வரை ஒன்றும் தெரியாது. இறுகும் கணத்தில் "திருப்பி அடிக்கும்". கைப்பிடி 40 செ.மீ. என்றால் கை தாங்க வேண்டியது 275 நியூட்டன், 28 கிலோ எடை மாதிரி. ஒரு தரம் என்றால் பரவாயில்லை. ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை கார், காருக்கு எத்தனை நட்டு?

அதற்காகத்தான் டூலோடு ஒரு இரும்புக் கை, ரியாக்‌ஷன் ஆர்ம். நட்டு கொடுக்கும் எதிர்முறுக்கத்தை அது வாங்கித் தூணுக்கோ ஃபிக்சருக்கோ கொடுத்துவிடும். கவனிக்க வேண்டியது: எதிர்விசை ஒழியவில்லை, ஒழிக்கவும் முடியாது. வாங்குகிறவர் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. முன்பு மணிக்கட்டு, இப்போது தூண். எர்கனாமிக்ஸ் என்று பெரிய பெயரில் நடப்பதில் பாதி இந்தப் பெயர் மாற்றம்தான்.

*

லாரியும் காரும். வருஷா வருஷம் நடக்கும் சண்டை.

கேள்வி: 25 டன் லாரி, ஒரு டன் கார், நேருக்கு நேர். யார் யாருக்கு அதிக விசை கொடுத்தார்கள்? பதில் சமம் என்றதும் வகுப்பில் கோபமே வருகிறது. "சார், நம்ம ரோட்டுல வந்து பாருங்க, கார் எப்படி இருக்கும், லாரி எப்படி இருக்கும்னு." பார்த்திருக்கிறேன். விசை சமம் என்றுதான் சொன்னேன், சேதம் சமம் என்று சொல்லவில்லை.

இரண்டும் மணிக்கு 54 கி.மீ., அதாவது நொடிக்கு 15 மீட்டர். மோதி ஒட்டிக்கொண்டால் உந்தக் கணக்குப்படி இரண்டும் லாரி போன திசையிலேயே நொடிக்கு 13.85 மீட்டரில் நகரும். லாரியின் வேகத்தில் மாற்றம் மணிக்கு 4 கி.மீ. காரின் வேகத்தில் மாற்றம் மணிக்கு 104 கி.மீ. விசை ஒன்றே, நேரம் ஒன்றே; நிறை இருபத்தைந்து மடங்கு வித்தியாசம், ஆகவே மாற்றமும் இருபத்தைந்து மடங்கு. லாரி ஓட்டுநருக்கு லேசான பிரேக். காரில் இருந்தவரோ, முன்னால் போய்க்கொண்டிருந்தவர், கண்மூடித் திறப்பதற்குள் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்.

இதை எழுதி முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். கோபம் போனதால் அல்ல, 104 என்ற எண்ணால்.

*

ஒரகடம் சிப்காட்டில் ஜி.ஏ.ஆர்.சி., குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர். மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் வந்தது. சோதனை ஓட்டத்துக்கான தடங்கள், மோதல் சோதனைக் கூடம் எல்லாம் உண்டு. நியூட்டனுக்கு இந்த ஊரில் கோயில் கட்டினால் அங்கேதான் கட்ட வேண்டும்.

கார்களின் மோதல் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறை. முன்மோதல் சோதனையில் கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வருகிறது, முகப்பின் 40 சதவீதம் மட்டும், நசுங்கும் அலுமினியத் தேன்கூட்டுத் தடுப்பில் மோதுகிறது. கேபிள் காரை இழுத்து வேகம் ஏற்றும், மோதலுக்குச் சற்று முன் விட்டுவிடும். மோதும் கணத்தில் காரை முன்னால் தள்ளுவது யாரும் இல்லை. "அவ்ளோ வேகமா வருதே, முன்னாடி விசை இருக்கும்ல சார்?" என்று கேட்பவனுக்கு இந்தக் கேபிளைக் காட்ட வேண்டும்.

64 கி.மீ. என்றால் நொடிக்கு 17.8 மீட்டர். முகப்பு நசுங்கி, பெல்ட் நீண்டு, ஆள் மொத்தம் 60 செ.மீ. தூரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையும் வீதம் நொடிக்கு நொடி 263 மீட்டர், புவியீர்ப்பைப்போல் 27 மடங்கு. எல்லாம் முடிய நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. சோதனையில் ஆளுக்குப் பதில் உட்கார வைக்கும் 78 கிலோ பொம்மையின் மேல் விசை 20,000 நியூட்டனுக்குச் சற்று அதிகம், இரண்டு டன் எடை. நெஞ்சு தாங்குமா என்றால், அகலமான பெல்ட்டும் காற்றுப்பையும் அதைப் பரப்பிக் கொடுத்தால் தாங்க வழி உண்டு. பெல்ட் போடாத தலை ஐந்து செ.மீ.யில் நின்றால்? 320 மடங்கு. அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

மடியில் எட்டுக் கிலோ குழந்தை. அதை நிறுத்தத் தாய் கொடுக்க வேண்டியது 2,100 நியூட்டன், 210 கிலோ எடை. எந்தத் தாயின் கையும் அதைக் கொடுக்க முடியாது; பாசம் போதாமல் அல்ல. "பின்சீட்லதானே" என்பவர்களுக்கு: 2022 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் இருந்தார், பெல்ட் போடவில்லை என்று காவல்துறை சொன்னது.

நசுங்கும் காரைப் பார்த்து "தகரம்பா" என்று சிரிப்பவர்கள் இந்தப் பகுதியிலேயே, அதே கார் செய்கிறவர்களிலேயே இருக்கிறார்கள். முகப்பு நசுங்குவதுதான் அதன் வேலை. நசுங்காத கார் 60 செ.மீ.யை 10 ஆக்கிவிடும், கார் பிழைக்கும்.

*

மேலே உள்ளதோடு ஒட்டி. ஒரே மாதிரி இரண்டு கார், இரண்டும் 64ல், நேருக்கு நேர். இது 128ல் சுவரில் மோதுவதற்குச் சமமா? கேட்ட அத்தனை பேரும் ஆமாம் என்கிறார்கள், ஆசிரியர்கள் உட்பட.

சமம் இல்லை. 64ல் சுவரில் மோதுவதற்குத்தான் சமம். இரண்டும் ஒரே காராக இருப்பதால் நடுக்கோடு அசையாது. ஒவ்வொன்றும் தன் முகப்பைச் செலவழித்து 64லிருந்து பூஜ்யத்துக்கு வருகிறது. எதிர்க்கார் உங்களுக்கு ஒரு சுவர், நீங்கள் எதிர்க்காருக்கு ஒரு சுவர். தடுப்பில் தேன்கூடு வைத்ததும் எதிர்க்காரின் முகப்பைப் பாவிக்கத்தான்.

போன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்த பெண்ணுக்கு இதே சூத்திரம் வேறு எண்களில். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 200 கிராம் போன். சிமென்ட் தரையில் ஒரு மில்லிமீட்டரில் நின்றால் ஆயிரம் மடங்கு புவியீர்ப்பு, ஏறக்குறைய 2,000 நியூட்டன். பவுச் போட்டு நான்கு மில்லிமீட்டரில் நின்றால் கால் பங்கு. "நூத்தம்பது ரூபா பவுச்சுக்கு இவ்ளோ இருக்கா சார்!" இருக்கிறதம்மா.

*

காரை ஓட்டுவது எது? இன்ஜின் என்றுதான் எல்லோரும். இன்ஜின் ஷாப்பில் இருப்பவர்கள் முன் இதை மறுப்பது ஆபத்து, ஆனாலும் மறுக்க வேண்டியிருக்கிறது. இன்ஜின் காருக்குள்ளே இருக்கிறது. பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பெட்டியைத் தள்ள முடியாது. இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றும், டயர் சாலையைப் பின்னோக்கித் தள்ளும், சாலை டயரை முன்னோக்கித் தள்ளும். காரின் மேல், வெளியிலிருந்து, முன்னோக்கி விசை கொடுப்பது சாலை ஒன்றுதான். மழை பெய்த முதல் பத்து நிமிடத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் இன்ஜின் அதேதான், சாலைதான் ஒத்துழைப்பதில்லை.

அப்போலோ, ஜே.கே., சியட் என்று டயர் ஆலைகள் இந்தப் பாதையில் இருக்கின்றன. இத்தனை ரப்பரும் கடைசியில் ஒரு சக்கரத்துக்கு உள்ளங்கை அளவு இடத்தில் சாலையைத் தொடுகிறது. சாலை கொடுப்பதை வாங்கும் கை அது.

வளைவில் இன்னும் தெளிவு. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் 1990ல் திறந்தது, 3.7 கி.மீ. நீளம், அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். ஹூண்டாய் அந்த ஊருக்கு வந்து கார் செய்தது 1998ல், எட்டு ஆண்டு பிந்தி. பைக் பந்தயத்தில் வளைவில் முழங்கால் தரையில் உரசச் சாய்கிறார்கள். 90 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 108 கி.மீ. என்றால் மையம் நோக்கிய முடுக்கம் நொடிக்கு நொடி 10 மீட்டர். புவியீர்ப்புக்குச் சமம், ஆகவே 45 பாகை சாய்வு. அதைக் கொடுப்பது சாலை. வெளிப்பக்கம் தள்ளும் 'மையவிலக்கு விசை'க்குக் கொடுப்பவர் பெயர் கேட்டேன். பைக் என்றான் ஒருவன், காற்று என்றான் இன்னொருவன். அழி. டயர் நழுவினால் பைக் மையத்திலிருந்து நேர் வெளியே பறப்பதில்லை; தொடுகோட்டில் போகிறது. சறுக்கிய தடம் சாட்சி.

*

ஸ்ரீபெரும்புதூரில் சித்திரைத் திருவாதிரை, ராமானுஜர் உற்சவம். தேர்.

வடம் பிடிக்கும் கூட்டத்தில் என் மாணவர்களும் இருந்தார்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை: நீ தேரை இழுக்கிற அளவுக்குத் தேரும் உன்னை இழுக்கிறதே, அப்புறம் எப்படித் தேர் நகர்கிறது? "சார், இங்கயுமா!" நியூட்டனே 1687ல் பிரின்சிபியாவில் மூன்றாம் விதிக்குக் குதிரையையும் கயிற்றில் கட்டிய கல்லையும்தான் உதாரணம் சொன்னார். ஆகவே தேர் அவ்வளவு தூரமில்லை.

தேரைத் தனியாகப் படம் போடு. வடம் முன்னால், சக்கர உராய்வு பின்னால். வடம் பெரிதானால் நகரும். கூட்டத்தைத் தனியாகப் படம் போடு. வடம் பின்னால், தரை பாதங்களை முன்னால். தேரின் படத்தில் பாதங்கள் வராது, கூட்டத்தின் படத்தில் சக்கரம் வராது. இரண்டையும் ஒரே படத்தில் கொட்டி, கூட்டிப் பூஜ்யம் என்று சொல்வதுதான் குழப்பம்.

கிளப்புவதற்குத்தான் பாடு, கிளம்பிவிட்டால் போகும். நிற்கும்போது உள்ள உராய்வு, ஓடும்போது உள்ளதைவிட அதிகம். நிறுத்துவது அதைவிடப் பாடு. முட்டுக்கட்டை போடுகிறவர்தான் அங்கே உண்மையான பொறியாளர்: எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கணத்தில் என்பதைக் கண்ணாலேயே கணக்குப் போடுகிறார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. அத்தனை எடைக்கு ஓட விடுவதைவிட நிற்க வைப்பதுதான் பெரிய வேலை என்று கோயிலும் கம்பெனியும் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

*

அடுத்த தேர்வுக்கு ஒரு கேள்வி.

கார் ஏற்றிப்போகும் டிரெய்லர். சென்னை – பெங்களூர் சாலை, சமதளம், நேர்ப்பாதை, மணிக்கு 60 கி.மீ. மாறாத வேகம். மேல்தட்டில் உள்ள காரின் சக்கரத்தைக் கட்டியிருக்கும் பெல்ட், கார் மேல் கிடைமட்டத்தில் எவ்வளவு நிகர விசை கொடுக்கிறது? காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எதிர்பார்க்கும் தவறான பதில்: கார் 60ல் போகிறது, ஆகவே பெல்ட் முன்னால் இழுத்துக்கொண்டே போகிறது. எதிர்பார்க்கும் சரியான பதில்: பூஜ்யம். கொக்கி வேறு இடத்தில். பூஜ்யம் என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர், பெல்ட் தொளதொளவென்று சும்மா இருக்கிறது என்றும் சேர்த்து எழுதுவார்கள். யார்டில் வேலை பார்த்த ஒரு பையனிடம் முன்கூட்டியே கேட்டுப் பார்த்தேன். "எப்படி சார் சும்மா இருக்கும்? ராட்செட் போட்டு இறுக்கியிருப்போம்ல? முன்பக்கம் ஒரு இழுப்பு, பின்பக்கம் அதே இழுப்பு. கீழயும் அமுக்கும். அதனாலதான் பிரேக் போட்டா டயர் வழுக்காது."

பெல்ட் கார் மேல், கார் தட்டின் மேல், தட்டு கார் மேல். அம்பு எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிவிட்டான். மதிப்பெண் பங்கீடு: பூஜ்யத்துக்கு இரண்டு, ராட்செட்டுக்கு மூன்று.